கித்தானுக்குக் கீழே இருந்த பலகை

ராஜு,

சாப்பிட்டு முடித்த பிறகு இதைப் படி. முன்னால் படித்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவாய். உன் சுபாவம் எனக்குத் தெரியும், அது என்னிடமிருந்து வந்ததுதான். ஜோகுபாளையத்திலிருந்து ஒரு பஸ் பிடித்தால் உன் குவார்ட்டர்ஸுக்கு வந்துவிடலாம், எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய். இரண்டு தடவை சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினேன். ஒரு தடவை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தும்விட்டேன், அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்தேன். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தால் பாதியில் பேச்சை மாற்றிவிடுவேன். மழை, மண்ணெண்ணெய், உன் அம்மாவின் முட்டிவலி என்று எங்கேயோ போய்விடும். அதனால் எழுதுகிறேன். மரத்தில் கோடு போடுகிற பென்சில்தான் கையில் இருக்கிறது, எழுத்து தடித்தடியாக இருக்கும், பொறுத்துக்கொள். திங்கட்கிழமை காலையில் நீ ஆபீசுக்குப் போவதற்குள் இதை முழுக்கப் படித்திருக்க வேண்டும். அது ஒன்றுதான் முக்கியம்.

போன ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது உன் பேக்டரி கதை சொன்னாய். கேட்டுக்கு வாட்ச்மேன்கள் எடுக்கிறார்கள், டைம் ஆபீஸில் நீதான் மனுக்களைச் சலித்து லிஸ்ட் போடுகிறாய், திங்கட்கிழமை அது மேலே போகிறது என்றாய். நீலசந்திராவிலிருந்து ஒரு மனு வந்திருக்கிறது, பெயர் முனுசாமி, முன்பு அல்சூர் ஏரியில் படகு பார்த்துக்கொண்டிருந்த ஆள் என்றாய். "நம்ம பொரி முனுசாமிப்பா" என்று சொல்லிச் சிரித்தாய். "ஒரு படகைப் பார்த்துக்கத் தெரியாத ஆளு, கேட்டை எங்க பார்த்துக்கப் போறாரு? பென்சில்ல அடிச்சு வச்சிருக்கேன். திங்கக்கெழம மையில அடிச்சுட்டா முடிஞ்சுது." நான் ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தேன். உன் அம்மா கையில் கரண்டியோடு அப்படியே நின்று என்னைப் பார்த்தாள். நீ அதைக் கவனிக்கவில்லை, அப்பளம் கேட்டாய். அவள் உனக்கு அப்பளம் போட்டுவிட்டு மறுபடியும் என்னைப் பார்த்தாள். நான் நிமிரவே இல்லை.

பொரி முனுசாமி என்ற பெயரை அவனுக்கு வைத்தது யார் தெரியுமா? நான்தான். நீ பதினைந்து வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்ன நடந்தது என்று கேட்டாய், நான் உனக்கு ஒரு வேடிக்கைக் கதை சொன்னேன், நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். பூஜை போட்டே படகைக் கவிழ்த்தவன் என்று சொன்னேன். அந்தக் கதைதான் பதினோரு வருஷம் உன் தலைக்குள் இருந்து இப்போது அவன் பெயர்மேல் ஒரு கோடாக விழுந்திருக்கிறது. உண்மையில் நடந்ததை இப்போது சொல்கிறேன். குறுக்கே பேசாமல் கேள்.

வெள்ளைக்காரர்கள் போன பிறகு ஏரிக்கரையில் ஒரு சின்னப் படகு கிளப் இருந்தது, நான் அங்கே தச்சு மேஸ்திரியாக இருந்தேன். இதெல்லாம் உனக்குத் தெரியும். ஆறு படகுகள், அதில் ஒன்று பச்சைப் பெயிண்ட் அடித்த பாய்மரப் படகு. ஊருக்குத் திரும்பிப் போன ஒரு துரை விட்டுப்போனது. பாய்மரத்துக்குப் பின்னால் ஆட்கள் காலை வைத்து உட்காருகிற பள்ளத்தைக் காக்பிட் என்பார்கள். அந்தப் பள்ளத்துக்கு ஒரு தரைப் பலகை, அதற்கும் படகின் அடிவயிற்றுக்கும் நடுவே ஒன்றரை முழம் வெற்றிடம். மழைத் தண்ணீரும் அலைத் தண்ணீரும் தரையில் தேங்காமல் ஓடிப்போகப் பின்மூலையில் ஒரு ஓட்டை, அதிலிருந்து ஒரு ஈயக் குழாய் பின்பலகை வழியாக ஏரிக்குள் போகும். அதை ட்ரெயின் என்போம். படகுகளைக் கழுவுவது, பாயைக் காயப்போடுவது, ஆட்களை ஏற்றி இறக்குவது எல்லாம் முனுசாமி வேலை. மரம் என் வேலை. அவன் என்னைவிட எட்டுப் பத்து வயது சின்னவன், என்னை நீங்க வாங்க என்றுதான் பேசுவான். ஏரித் தண்ணீரைப் பார்த்தே எந்தப் பக்கம் காற்று திரும்பப் போகிறது என்று சொல்லிவிடுவான், ஆனால் தேக்கையும் மாவையும் காட்டினால் அவனுக்கு வித்தியாசம் தெரியாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்.

அந்த வருஷம் தசராவுக்குக் கொஞ்சம் முன்னால் கிளப் செக்ரட்டரி என்னைக் கூப்பிட்டு, பச்சைப் படகின் தரை காலுக்கு மெத்தென்று இருக்கிறது, பார் என்றார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கினேன். குதிகாலை ஊன்றியதுமே தெரிந்துவிட்டது. ட்ரெயினைச் சுற்றி இரண்டு முழத்துக்குப் பலகை டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி அமுங்கியது. உளியின் கைப்பிடியால் தட்டிப் பார்த்தேன். முன்பக்கம் டக் டக் என்று நல்ல சத்தம், பின்பக்கம் வர வரத் தொப்பென்று விழுந்தது. ஓட்டை போட்டவன் எவனோ அந்த ஓட்டையின் விளிம்புக்குப் பெயிண்ட் காட்டாமல் வெறும் மரமாகவே விட்டிருக்கிறான். வருஷக்கணக்காகத் தண்ணீர் அந்த விளிம்பு வழியாகப் பலகைக்குள் ஊறி உள்ளேயே மக்கிவிட்டது. மேலே பெயிண்ட் பளபளவென்று இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

அதற்குச் செய்ய வேண்டியது எனக்கு நன்றாகத் தெரியும். நல்ல மரம் தட்டுப்படும் வரைக்கும் அறுத்து எடுக்க வேண்டும். கீழே தாங்குகிற குறுக்குக் கட்டைகளைப் பார்க்க வேண்டும், அதுவும் போயிருந்தால் மாற்ற வேண்டும். உள்ளே நாலைந்து நாள் காயவிட வேண்டும். பிறகுதான் புதுப் பலகை, புதுக் குழாய். எப்படிப் பார்த்தாலும் பத்துப் பன்னிரண்டு நாள். செக்ரட்டரியோ தசராவுக்கு அடுத்த ஞாயிறு போட்டி இருக்கிறது, பெரிய மனுஷர்கள் வருகிறார்கள், அதே படகில் நானும் என் மிஸஸும் போகிறோம், மூன்று நாளில் முடி என்றார். முடியாது சார் என்று சொல்லியிருக்கலாம். அவர் கெட்டவர் இல்லை, திட்டிவிட்டு வேறு படகு எடுத்திருப்பார். ஆனால் அந்த வாரம்தான் உன்னை டெக்னிகல் ஸ்கூலில் சேர்க்க ஒரு சிபாரிசுக் கடிதம் தருவதாக அவர் சொல்லியிருந்தார். இந்த நேரத்தில் முகம் சுளிக்க வைக்கக் கூடாது என்று நினைத்தேன். உனக்காகத்தான் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. துரைமார் காலத்து மேஸ்திரி, முடியாது என்று சொன்னான் என்று பேர் வாங்கக் கூடாது என்கிற வீம்பு மீதிப் பாதி. இதை உன் தலையில் கட்டுவதற்காகச் சொல்லவில்லை. நீ யாரிடமும் எதுவும் கேட்கவில்லை, உனக்கு எதுவும் தெரியாது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மக்கின பலகையைத் தொடவே இல்லை. அதன் மேல் கெட்டிப் பெயிண்ட் பூசி, பழைய பாயிலிருந்து வெட்டின கித்தான் துணியை இழுத்து ஒட்டி, ஓரத்தில் ஆணி அடித்து, மேலே மூன்று கை பெயிண்ட் அடித்தேன். கித்தான் விளிம்பு தூக்கிக்கொள்ளாமல் இருக்க அதை ட்ரெயின் ஓட்டைக்குள் மடித்துச் செருகினேன். முன்பு என் கட்டைவிரல் தாராளமாகப் போகிற ஓட்டை அது. நான் வேலையை முடித்தபோது சுண்டுவிரல்கூடப் போகவில்லை. செக்ரட்டரி வந்து ஷூ காலோடு மிதித்துப் பார்த்தார். கித்தான் விறைப்பாக நின்றது, கீழே புதுப் பலகை என்றே நினைத்துக்கொண்டார். "பேஷ் மேஸ்திரி" என்று முதுகில் தட்டினார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

ஆயுத பூஜை அன்று முனுசாமி ஆறு படகுக்கும் பூஜை போட்டான். வருஷா வருஷம் அவன்தான் போடுவான். சந்தனம், குங்குமம், பாய்மரத்துக்குச் செவ்வந்தி மாலை, ஒவ்வொரு படகுக்குள்ளும் ஒரு இலையில் பொரி, கடலை, வாழைப்பழம், கரையில் ஒரு பூசணிக்காய். என் உளி, ரம்பம், இழைப்புளி எல்லாம் அந்தப் பச்சைப் படகின் தரையில் நான் ஒட்டின கித்தான் மேலேயே பரப்பி வைத்திருந்தான், மேஸ்திரி செய்த புது வேலை, அங்கேதான் வைக்க வேண்டும் என்றான். நான் அதற்கு முன்னால் கைகூப்பி நின்று, கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். மறுநாள் அவன் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி எல்லாப் படகையும் கழுவினான். பச்சைப் படகைக் கழுவிவிட்டு என்னிடம் வந்தான். தண்ணீர் ரொம்ப மெதுவாகப் போகிறது, ஒரு கம்பி விட்டுக் குத்திப் பார்க்கட்டுமா என்று கேட்டான். கம்பி விட்டால் உள்ளே செருகின கித்தான் கிழிந்து வெளியே வந்துவிடும். என் குட்டு உடைந்துவிடும். "புதுப் பெயிண்டுய்யா, அப்படித்தான் இருக்கும். குத்திக் கித்தி வைக்காதே" என்றேன். மேஸ்திரி சொன்னால் சரி என்று போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை போட்டி. உன்னைப் பரீட்சைக்குப் படிக்கச் சொல்லி வீட்டில் உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் போனேன். மூன்று மணி வரைக்கும் வெயில், அப்புறம் மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. நம் ஊர் ஐப்பசி மழை எப்படி வரும் என்று உனக்குத் தெரியும், முதலில் காற்று, அதற்குப் பின்னாலேயே வாளியைக் கவிழ்த்த மாதிரி மழை. மற்ற படகுகள் திரும்பிவிட்டன. பச்சைப் படகு நடு ஏரியில் தீவுக்கு அந்தப் பக்கம் இருந்தது. நான் படித்துறையில் நனைந்துகொண்டே நின்றேன். எனக்கு மழையோ காற்றோ கண்ணில் படவில்லை, அந்தப் படகின் பின்பக்கம்தான் தெரிந்தது. ட்ரெயின் வழியாகத் தண்ணீர் கொட்ட வேண்டிய இடத்தில் ஒரு சொட்டு வரவில்லை. படகு பின்பக்கமாக உட்கார ஆரம்பித்தது. செக்ரட்டரியின் மிஸஸ் எழுந்து தகர டப்பாவால் தண்ணீரை இறைப்பது தெரிந்தது. இறைத்துக்கொண்டே பின்மூலைக்கு நகர்ந்தார்கள். அங்கே போகாதீங்கம்மா என்று கத்தினேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. அடுத்த நிமிஷம் அந்த அம்மா இடுப்பு வரைக்கும் கீழே போய்விட்டார்கள்.

ஒரு கால், பலகையை உடைத்துக்கொண்டு தொடை வரைக்கும் உள்ளே இறங்கிவிட்டது. உடைந்த ஓரம் சதையைக் கவ்விக்கொண்டது, மேலே இழுக்க இழுக்க இன்னும் குத்துகிறது. தேங்கின தண்ணீர் முழுக்க அந்த ஓட்டை வழியாக அடிவயிற்றுக்குள் இறங்கி, படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அந்த அம்மாவுக்கு நீச்சல் தெரியாது. எனக்கும் தெரியாது. முனுசாமி துடுப்புப் படகை எடுத்துக்கொண்டு எப்போது போனான் என்று நான் பார்க்கவில்லை, பார்க்கும்போது பாதி தூரம் போயிருந்தான். பக்கத்தில் போனதும் தண்ணீரில் குதித்து, சாய்ந்த பக்கத்தில் தோளைக் கொடுத்துக்கொண்டு, அந்த அம்மாவின் தாடையை ஒரு கையால் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்தான். செக்ரட்டரி துடுப்புக் கட்டையால் பலகையை அடித்து அடித்து உடைத்தார். எவ்வளவு நேரம் என்று கேட்காதே. நான் படித்துறைக் கம்பியைப் பிடித்த பிடியில் உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது. அந்த அம்மா செத்தால் நான் கொன்றதாக ஆகும் என்று எனக்குத் தெரியும். அங்கே அது தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

பிழைத்துக்கொண்டார்கள். காலில் தையல் போட்டார்கள், ரொம்ப நாள் நொண்டி நடந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு செக்ரட்டரி ஈரத் துணியோடு ஷெட்டுக்கு வந்தார். படகைக் கட்டி இழுத்து வந்து கரையில் ஏற்றியிருந்தோம். அவர் முகம் வெளுத்திருந்தது. எப்படி ஆச்சு என்று என்னைக் கேட்டார். நான் குனிந்து ட்ரெயினுக்குள் விரலை விட்டேன். ஊறிப்போன பொரியும் செவ்வந்தி இதழும் பசை மாதிரி வந்தது. அதை உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். "ட்ரெயின்ல பூ அடைச்சிருக்கு சார்" என்றேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை, பார். மீதியை அவரே சொல்லிக்கொண்டார். அப்போ பூஜையிலிருந்து தண்ணீர் தேங்கி நின்று பலகை ஊறி மக்கிவிட்டதா என்று கேட்டார். மரம் நாலைந்து நாளில் மக்காது ராஜு. அதற்கு வருஷங்கள் வேண்டும். அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது, பக்கத்தில் நடுங்கிக்கொண்டு நின்ற முனுசாமிக்கும் தெரியாது. நான் தலையை ஆட்டினேன். முனுசாமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கம்பி விட்டுக் குத்தாதே என்று நான் சொன்னதை நானே சொல்லுவேன் என்று காத்திருந்தான். நான் கையில் இருந்த பசையைத் துடைக்க ஒரு துணியைத் தேடிக்கொண்டிருந்தேன். அந்த அம்மாவின் தலையைத் தண்ணீருக்கு மேலே பிடித்த ஆளை, அந்த ஈரம் காய்வதற்குள் வேலையை விட்டுத் துரத்தினார்கள்.

மறுநாள் வெளிச்சம் வந்ததும் போய், யாரும் பார்ப்பதற்குள் மக்கின பலகையை எல்லாம் பெயர்த்துக் கோணிப்பையில் கட்டி வீட்டுக்கு எடுத்து வந்தேன். வெந்நீர் அடுப்புக்கு என்று உன் அம்மாவிடம் கொடுத்தேன். அவள் ஊதி ஊதிப் பார்த்தாள், புகைதான் வந்தது. ஒரு துண்டை எடுத்து விரலால் கிள்ளினாள், தூளாக உதிர்ந்தது. "இது இப்ப நனஞ்ச கட்டையா?" என்று மட்டும் கேட்டாள். நான் கோணிப்பையை உதறிக்கொண்டு வெளியே போய்விட்டேன். அதற்குப் பிறகு அவள் என்னைக் கேட்கவே இல்லை. போன ஞாயிறு கரண்டியோடு நின்று பார்த்தாளே, அது அந்தக் கேள்விதான்.

அப்புறம் பன்னிரண்டு நாள் அந்தப் படகைப் பழுது பார்த்தேன். அந்த மாதிரி ஒரு வேலையை அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் செய்ததில்லை. சந்தேகமான இடம் ஒரு விரற்கடைகூட மிச்சம் வைக்காமல் அறுத்தேன். குறுக்குக் கட்டை இரண்டு போயிருந்தது, மாற்றினேன். உள்ளே வெயில் படும்படி திருப்பி வைத்துக் காயவிட்டேன். தேக்குப் பலகை போட்டு, இடுக்கெல்லாம் வெள்ளை ஈயம் குழைத்து அடைத்து, பித்தளை ஸ்க்ரூ முடுக்கினேன். ஓட்டையைப் பெரிதாகப் போட்டு, அதன் விளிம்புக்கு மட்டும் மூன்று தடவை பெயிண்ட் ஊட்டினேன். சிவாஜிநகரில் ஒரு பாத்திரக்காரரிடம் சொல்லி, வாய் விரிந்த செம்புக் குழாய் அடித்து வாங்கிப் பொருத்தினேன். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் பத்து எண்ணுவதற்குள் போய்விடும். செக்ரட்டரி வந்து பார்த்துவிட்டு, உன்னைப் போல ஆள் கிடையாது என்று சொல்லி, பாக்கெட்டிலிருந்து அந்தச் சிபாரிசுக் கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். நீ அதைக் கொண்டுபோய் டெக்னிகல் ஸ்கூலில் சேர்ந்தாய். நன்றாகப் படித்தாய், அதில் எனக்குப் பங்கு இல்லை. ஆனால் அந்தக் காகிதம் என் கைக்கு எப்படி வந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும்.

நீ இனி நிறையப் பேருடைய பெயருக்கு எதிரே கையெழுத்துப் போடப் போகிறாய். உனக்கு ஒரு யோசனை சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறதோ இல்லையோ, அப்பன் என்கிற முறையில் சொல்கிறேன். ஒரு ஆளைப் பற்றி எவனாவது சிரித்துக்கொண்டே கதை சொன்னால், அந்தக் கதையில் சொல்கிறவன் எங்கே நின்றுகொண்டிருந்தான் என்று கேள். நான் சொன்ன கதையில் முனுசாமி இருந்தான், பொரி இருந்தது, பூசணிக்காய்கூட இருந்தது, நான் மட்டும் இல்லை. நீ சின்னப் பையன், கேட்கத் தெரியவில்லை. இப்போது நீ சின்னப் பையன் இல்லை.

புதன்கிழமை நீலசந்திராவுக்குப் போனேன். வீடு கண்டுபிடிக்கவே ஒரு மணி நேரம் ஆயிற்று. ஏரியை விட்ட பிறகு சிவாஜிநகர் மார்க்கெட்டில் மூட்டை தூக்கினானாம், பிறகு ஒரு மரக்கடையில் காவல், அதையும் போன மாதம் மூடிவிட்டார்கள். தலை முழுக்க நரைத்துவிட்டது, அவனைவிட நான் சின்னவன் மாதிரி இருக்கிறேன். "இன்னா மேஸ்திரி, இவ்ளோ தூரம்? வாங்க, வாங்க" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். அவன் சம்சாரம் டீ போட உள்ளே போனாள். நான் உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன். பலகை வருஷக்கணக்காக மக்கியிருந்தது, நான்தான் கித்தான் ஒட்டி மறைத்தேன், ஓட்டையைச் சிறிதாக்கியதும் நான்தான், பழைய ஓட்டையாக இருந்திருந்தால் உன் பூவும் பொரியும் தாராளமாகப் போயிருக்கும் என்றேன். அவன் திட்டுவான், அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"குத்தாதேன்னு நீங்க சொன்னத நான் யார்கிட்டயும் சொல்லல" என்றான். "நீங்களே சொல்லுவீங்கன்னு பார்த்தேன். சொல்லல. சரி, புள்ள படிப்பு கீது, பயந்துட்டாருன்னு உட்டுட்டேன். ஆனா பலக என்னாலதான் மக்கிச்சுன்னு நெனச்சேன். பதினோரு வருசமா இந்த வூட்ல ஆயுத பூஜ இல்ல, தெரியுமா? பொரி வாங்கறதில்ல. அந்தம்மா கால்தான் கண்ணுல நிக்கும்." அவன் சம்சாரம் டீயோடு வந்தவள் அப்படியே வாசற்படியில் நின்றுவிட்டாள். நான் மன்னிப்பு என்று ஏதோ ஆரம்பித்தேன். அவன் கையைக் காட்டி நிறுத்தினான். "உம் புள்ளைக்குத் தெரியுமா?" என்று கேட்டான். இருபது வருஷப் பழக்கத்தில் அவன் என்னை முதல் தடவையாக நீ என்று சொன்னான். தெரியாது என்றேன். "எங்கிட்ட சொல்லிட்டா உனக்கு லேசாயிடும். எனக்கு இன்னா ஆவும்? அங்க போய்ச் சொல்லு." டீயை வாங்கச் சொல்லவில்லை. நானும் நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

அவன் மனு போட்டிருப்பது உன் ஆபீஸில்தான் என்று அவனுக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை, தனக்காக உன்னிடம் சொல்லச் சொல்லிக் கெஞ்சவும் இல்லை. நீ என்னைப் பற்றி என்ன நினைப்பாய் என்று இத்தனை வருஷமும் பயந்துகொண்டிருந்தேன், இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது. இனிமேல் நீ வீட்டுக்கு வராமல் போனாலும் உன் அம்மாவைப் பார்க்காமல் இருந்துவிடாதே, அவள்மேல் ஒரு தப்பும் இல்லை.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு நான் உன் டைம் ஆபீஸ் வாசலில் இருப்பேன். லிஸ்டில் கையெழுத்துப் போடுகிற உன் பெரிய ஆபீசரிடம், அந்த ஏரி வேலை அவனுக்கு ஏன் போனது என்று என் வாயால் சொல்லப் போகிறேன். அவர் கேட்டால் எழுதியும் கொடுப்பேன். யார் இந்தக் கிழவன் என்று கேட்டால் உன் அப்பா என்று நீ சொல்ல வேண்டியதில்லை, நான் என் பெயரை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். முனுசாமியையும் வரச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறேன், வருவானா என்று தெரியாது. வந்தால் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். கதவு திறந்ததும் நீ பழக்கத்தில் முதலில் என்னைப் பார்த்து எழுந்திருக்கப் பார்ப்பாய். எழுந்திருக்காதே. என்னை வெளியிலேயே நிற்க வை. என் பக்கத்தில் இருக்கிறவரை முதலில் உள்ளே கூப்பிடு, வாங்க என்று கூப்பிடு.

அப்பா